புது இயக்குநர் வந்தார், பழைய ரசிகர்கள் ஓரமானார்கள்: மிச்சிகன் விவகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் புதிதாக ஒரு இயக்குநர் வரும்போதெல்லாம் பல வருடமாக ஆட்டம் பார்க்க வருகிறவர்களிடமிருந்து ஒரே புலம்பல் கேட்கும்: "எங்களை யாரும் கேட்கவே இல்லை." இந்தப் புலம்பலுக்கு நன்கு ஆவணமான உதாரணம் மிச்சிகன் பல்கலைக்கழகம். 2010 மார்ச் முதல் 2014 அக்டோபர் வரை அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர் டேவ் பிராண்டன். அந்த நாலரை வருடத்தைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். இதில் 'ஃபுட்பால்' என்று வருவதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால்தான், கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.

ஒரு கல்லூரிக்கு விளையாட்டுத் துறை இயக்குநர் எதற்கு? அவருக்கு அவ்வளவு அதிகாரமா?

ஆமாம், அவ்வளவு அதிகாரம்தான். பயிற்சியாளரை வைப்பது, தூக்குவது, டிக்கெட் விலை, ஸ்பான்சர் ஒப்பந்தம், அரங்கில் என்ன பாட்டுப் போடுவது, யார் எந்தப் பகுதியில் உட்காருவது என எல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும். மிச்சிகன் மாதிரிப் பெரிய இடங்களில் விளையாட்டுத் துறை பெரும்பாலும் தன் வருமானத்திலேயே ஓடுகிறது. அதில் பெரும்பங்கு ஃபுட்பாலில் இருந்து வருகிறது. நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஹாக்கி எல்லாவற்றுக்கும் சோறு போடுவது சனிக்கிழமை ஃபுட்பால் டிக்கெட் வாங்குகிறவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கோபம் புரியும்.

ரசிகர்கள் அந்த அரங்கத்தை ஏன் 'எங்களுடையது' என்கிறார்கள்? டிக்கெட் வாங்கினால் சொந்தமாகிவிடுமா?

சட்டப்படி ஆகாது. ஆனால் இந்த அரங்கத்தின் கதை கொஞ்சம் வேறு.

ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேடியம் 1927இல் திறக்கப்பட்டது. அப்போதைய இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் அரசிடம் பணம் கேட்கவில்லை. தலா 500 டாலர் விலையில் 3,000 கடன் பத்திரங்களை மக்களிடம் விற்றார். பத்திரம் வாங்கியவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மைதானத்தின் நடுப்பகுதிக்கு நேராக நல்ல இருக்கைகளுக்கு டிக்கெட் வாங்கும் உரிமை கிடைத்தது. ரசிகர்கள் கடன் கொடுத்து எழுந்த அரங்கம் அது.

அதற்குப் பிறகு 1968இல் டான் கேன்ஹம் இயக்குநராக வந்தார். பாதி காலியாகக் கிடந்த அரங்கத்தைக் குடும்பத்தோடு வரும் இடமாக மாற்றினார். 1975 நவம்பரில் இருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் என்பது அங்கே ஒரு பெருமை. தாத்தா எடுத்த சீசன் டிக்கெட்டை அப்பா புதுப்பித்து, அப்புறம் பிள்ளைகள் அதே வரிசையில் உட்காருகிற குடும்பங்கள் அங்கே உண்டு. பக்கத்து இருக்கைக்காரரை வருடத்தில் ஏழு சனிக்கிழமை மட்டும்தான் பார்ப்பார்கள், ஆனாலும் அவர் பேத்தியின் பெயர் தெரியும்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் அரங்கத்துக்குள்ளே விளம்பரப் பலகையே கிடையாது. இத்தனை பெரிய கூட்டம் வரும் இடத்தில் பணத்தை வேண்டாமென்று விட்ட முடிவு அது. ரசிகர்கள் அதைத் தங்கள் வீட்டு ஒழுக்கம் மாதிரியே காத்தார்கள்.

பிராண்டன் வெளியாளா?

இல்லை, அதுதான் வேதனை. அவர் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1970களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரின் அணியில் இருந்தவர். பல்கலைக்கழகத்தை ஆளும் எட்டுப் பேர் கொண்ட ரீஜென்ட் குழுவுக்கு மாநில மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க, எட்டு வருடம் அதில் இருந்தவர். 1999 முதல் 2010 வரை டொமினோஸ் பீட்சாவின் தலைமைச் செயல் அதிகாரி. நம்ம ஆள், அதோடு பெரிய கம்பெனியை நடத்திய ஆள் என்றுதான் பலரும் வரவேற்றார்கள்.

என் கணிப்பு இது: வெளியாளாக இருந்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார், நாலு பேரைக் கேட்டிருப்பார். 'எனக்குத் தெரியாததா' என்ற நம்பிக்கையே அவரைக் கேட்கவிடாமல் செய்தது.

மாணவர் இருக்கை விவகாரம் என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் கைமீறிப் போனது இங்கேதான்.

பழைய ஏற்பாடு எளிமையானது. மாணவர் பகுதியில் சீனியாரிட்டிப்படி இடம். முதலாண்டு மாணவன் மேலே மூலையில் நின்று பார்ப்பான். ஒவ்வொரு வருடமும் கீழே இறங்குவான். நாலாம் வருடம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பான். தோழர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

2013இல் இதை எடுத்துவிட்டு, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முன்வரிசை என்று மாற்றினார்கள். துறை சொன்ன காரணம் பொய்யில்லை. மாணவர்கள் தாமதமாக வந்தார்கள், டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்களும் நிறைய. 2012இல் சராசரியாக நாலில் ஒரு பங்கு மாணவர் டிக்கெட் பயன்படவே இல்லை. தொலைக்காட்சியில் காலி பெஞ்சு தெரிந்தால் எந்த நிர்வாகிக்கும் உறுத்தும்.

ஆனால் மூன்று வருடம் மேலே நின்று பார்த்து, கீழே வரும் முறைக்காகக் காத்திருந்த நாலாம் ஆண்டு மாணவனை யோசித்துப் பாருங்கள். அவன் சேர்த்துவைத்த முறை ஒரே அறிவிப்பில் போனது. அதே வருடம் மாணவர் சீசன் டிக்கெட்டும் 195 டாலரில் இருந்து 280 டாலராக ஏறியது. அடுத்த வருடம் 295. மாணவர் பேரவை எதிர்த்துப் பேசி, 2014க்கு முறையில் மாற்றம் வாங்கியது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. இருபதாயிரத்தை ஒட்டி விற்றுக்கொண்டிருந்த மாணவர் சீசன் டிக்கெட் 2014இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

இதில் கணக்கில் வராத நஷ்டம் ஒன்று உண்டு. இருபது வயதில் சனிக்கிழமை அரங்கத்துக்குப் போகும் பழக்கம் வராதவன் நாற்பது வயதில் குழந்தைகளோடு டிக்கெட் வாங்க வரமாட்டான். அடுத்த முப்பது வருட வாடிக்கையைத்தான் அவர்கள் தொட்டார்கள்.

இசைக்குழுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2012 செப்டம்பர் 1ஆம் தேதி டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் அலபாமா அணியோடு ஆட்டம். பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு இசைக்குழுவை அங்கே அனுப்ப சுமார் 4 லட்சம் டாலர் ஆகும், துறை தராது என்று அந்த வசந்தத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆட்டத்தால் துறைக்கு வந்த பணமோ சுமார் 47 லட்சம் டாலர்.

இரு நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கொண்ட அந்தக் குழு ஆட்டத்துக்கு முன்னால் சுரங்க வாயிலில் இருந்து ஓடிவந்து மைதானத்தை நிறைக்கும்போதுதான் பலருக்கு ஆட்டமே தொடங்குகிறது. அவர்களைச் செலவுக் கணக்காகப் பார்த்ததில் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் நன்கொடையாளர் உதவியோடு குழு போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 'இவருக்கு எது முக்கியம்' என்ற கேள்வி அன்றைக்கே விழுந்துவிட்டது.

சொந்த மைதானத்திலும் நிலைமை அதேதான். ஆட்ட இடைவெளிகளில் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்த நேரத்தை ஒலிபெருக்கியில் வரும் ராக் பாட்டு பிடித்துக்கொண்டது. 2013இல் அரங்கத்தின் வெளியே ஒரு உணவுக் கம்பெனியின் ராட்சத மக்ரோனி ஒன்று விளம்பரமாக வந்து உட்கார்ந்தது. ஊரே திட்டியதும் எடுத்துவிட்டார்கள். உள்ளே விளம்பரம் கிடையாது என்று பெருமைப்பட்ட மக்களிடம், வாசலில் வைத்தால் என்ன என்று கேட்ட மாதிரி இருந்தது.

வாணவேடிக்கைகூட ஒரு பிரச்சினை ஆனதா?

ஆனது. 2014 ஜூலையில் இரண்டு ஆட்டங்களுக்கு வாணவேடிக்கை வேண்டும் என்று துறை கேட்க, ரீஜென்ட் குழு மறுத்துவிட்டது. வாணவேடிக்கை பெரிய விஷயமே இல்லை. இயக்குநர் கேட்டதை மேலிடம் வெளிப்படையாக மறுத்தது என்பதால் பலர் அதைக் கவனித்தார்கள்.

அணி தோற்றது, அதனால் கோபம். ஜெயித்திருந்தால் யாராவது வாய் திறந்திருப்பார்களா?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. 2011இல் பிராண்டன் கொண்டுவந்த பயிற்சியாளர் பிரேடி ஹோக்கின் முதல் வருடம் 11 வெற்றி, 2 தோல்வி. சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களில் ஒன்றான சுகர் பவுல் கோப்பையும் கிடைத்தது. அந்த வருடம் முணுமுணுப்பு குறைவு. பிறகு 8-5, 7-6, கடைசியில் 2014இல் 5-7 என்று இறங்கியது. தோல்வி வந்ததும் பொறுமை போனது உண்மைதான்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். இசைக்குழு விவகாரம் 2012 வசந்தத்தில், அதாவது 11 வெற்றி பெற்ற சீசன் முடிந்த சில மாதங்களில் வெடித்தது. அப்போது அணி சரியத் தொடங்கவே இல்லை. அதோடு இதே ரசிகர்கள் 2008இல் 3-9 என்ற படுமோசமான வருடத்திலும் அரங்கத்தை ஒரு லட்சத்துக்கு மேல் நிரப்பியவர்கள். தோற்கும் அணியை அவர்கள் தாங்குவார்கள். தங்களை மதிக்காத அலுவலகத்தைத்தான் தாங்கவில்லை.

டிக்கெட் விலையை ஏற்றுவது தவறா?

விலை ஏறுவது புதிதல்ல. நல்ல இருக்கைக்கு டிக்கெட் விலைக்கு மேல் ஆண்டுதோறும் 'நன்கொடை' கட்ட வேண்டும் என்ற முறை பிராண்டனுக்கு முந்தைய இயக்குநர் காலத்திலேயே வந்துவிட்டது. (அந்த நன்கொடைக்கு 80 சதவீதம் வரை வரிச்சலுகையும் இருந்தது. 2018இல் இருந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.)

ரசிகர்களுக்கு வலித்தது விலையும் சரக்கும் எதிர்த் திசையில் போனது. 2014இல் நோட்ரடாம், ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் மூன்று பெரிய எதிரணிகளோடும் ஆட்டம் வெளியூரில். சொந்த ஊரில் பார்க்கக் கிடைத்தது சுமாரான ஆட்டங்கள்தான். இதில் நோட்ரடாம் ஒப்பந்தத்தை முறித்தது நோட்ரடாமே, பிராண்டன் மேல் அந்தப் பழி போடக் கூடாது. ஆனால் அப்படி ஒரு வருடத்தில் விலையை ஏற்றியது அவருடைய முடிவு.

இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்பது உண்மையா?

உண்மை. 2014 செப்டம்பர் 23 அன்று, மின்னசோட்டா ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால், சில கடைகளில் இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் இரண்டு டிக்கெட் இலவசம் என்று சலுகை வந்தது. செய்தி பரவியதும் சில மணி நேரத்தில் அதை நிறுத்தினார்கள். ஒரு லட்சம் என்ற எண்ணிக்கை உடையாமல் காக்கத்தான் இந்தப் பாடு என்று எல்லோருக்கும் தெரிந்தது. வருடம் முழுக்க நன்கொடையும் டிக்கெட்டுமாக நூற்றுக்கணக்கில் கட்டிய ஒருவர், பக்கத்து இருக்கை இரண்டு பாட்டில் கோக்குக்குப் போனதைப் பார்த்தால் அடுத்த வருடம் ஏன் புதுப்பிப்பார்?

அந்த மின்னஞ்சல்கள்?

குறை சொல்லி எழுதிய ரசிகர்களுக்கு பிராண்டன் தானே பதில் எழுதியிருக்கிறார். அதைப் பாராட்டலாம். ஆனால் 2014 அக்டோபர் கடைசியில் வெளியான அந்தப் பதில்களில் இருந்த தொனி வேறு. ஒருவருக்கு, குடிப்பதை நிறுத்திவிட்டுப் போய்த் தூங்குங்கள் என்ற பொருளில். இன்னொருவருக்கு, வேறு அணியைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் இல்லாமலும் நாங்கள் நன்றாகவே இருப்போம் என்ற பொருளில்.

நாலரை வருடத்தில் நடந்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். விலையைக் குறைக்கலாம், பாட்டை மாற்றலாம், மக்ரோனியைத் தூக்கிவிடலாம். 'நீ தேவையில்லை' என்று சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவது? கோபமாக எழுதும் ரசிகர் இன்னும் விட்டுப் போகாதவர். மனம் விட்டுப்போனவர் கடிதமே எழுத மாட்டார்.

அவர் நல்லது எதுவும் செய்யவில்லையா?

செய்தார், அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். 2011 செப்டம்பர் 10 அன்று அந்த அரங்கின் முதல் இரவு ஆட்டத்தை நடத்தினார். நோட்ரடாமை 35-31 என்று கடைசி விநாடிகளில் ஜெயித்த அந்த இரவுக்கு வந்தவர்கள் 1,14,804 பேர். இரவு ஆட்டமும் பழைய வழக்கத்தை உடைத்ததுதான், ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். அவர்கள் மாற்றத்துக்கே எதிரிகள் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பெரிய புதுத் திரைகள், கூடைப்பந்து அரங்கப் புதுப்பிப்பு, ஆண்கள் பெண்கள் இருவருக்கும் லக்ராஸ் அணிகள் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. துறையின் வருமானமும் நன்றாக ஏறியது.

கடைசியில் எப்படிப் போனார்?

2014 செப்டம்பர் 27, மின்னசோட்டா ஆட்டம். தலையில் அடிபட்டுத் தள்ளாடி நின்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்) மைதானத்திலேயே விட்டுவைத்தார்கள். வெளியே கூட்டிப்போன பிறகும் மறுபடி களத்தில் இறக்கினார்கள். அவருக்கு லேசான மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாம் என்று பிராண்டன் பெயரில் அறிக்கை வந்தது செவ்வாய்க்கிழமை அதிகாலை ஒரு மணி வாக்கில். அன்று மாலையே மாணவர்கள் வளாகத்தின் மையச் சதுக்கத்தில் திரண்டு, பிராண்டனை நீக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்கு நடந்துபோனார்கள். அதுவரை இருக்கை, விலை, பாட்டு என்று பேசிக்கொண்டிருந்த கோபம், ஒரு மாணவனின் உயிர் பற்றிய கோபமாக மாறியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அந்த ஒரு சம்பவம் போதும்.

அக்டோபர் 31 அன்று பதவி விலகினார். ஒப்பந்தப்படி சுமார் 30 லட்சம் டாலர் தருவதாக ஏற்பாடு.

அடுத்து வந்தவர் என்ன செய்தார்?

அலுவலக மேசை நாற்காலிகள் செய்யும் ஸ்டீல்கேஸ் நிறுவனத்தை நடத்திய ஜிம் ஹேக்கெட் இடைக்கால இயக்குநராக வந்தார். அவரும் கம்பெனிக்காரர், அவரும் ஷெம்பெக்லரிடம் ஆடியவர். சீக்கிரமே மாணவர் சீசன் டிக்கெட்டை 295இல் இருந்து 175 டாலராகக் குறைத்தார். 2014 டிசம்பர் 30 அன்று ஜிம் ஹார்பாவைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். 2015இல் நைக்கியோடு சுமார் 17 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தமும் போட்டார். அவ்வளவு பணம் வந்தபோது எந்த ரசிகரும் முகம் சுளிக்கவில்லை. பணத்தை விரும்பாதவர்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது.

இப்போதைய இயக்குநர்களுக்கு நெருக்கடி அதிகம் இல்லையா?

மிக அதிகம். 2021 ஜூலையில் இருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடி டாலர். ஆட்ட நேரத்தைத் தொலைக்காட்சி முடிவு செய்கிறது. மிச்சிகன் ஆடும், மத்திய மேற்கில் தொடங்கிய பிக் டென் கூட்டமைப்பில் 2024இல் இருந்து கலிஃபோர்னியா அணிகளும் இருக்கின்றன.

வீரர்களுக்குப் பணம் போவது நியாயம், ரொம்பத் தாமதமாக வந்த நியாயம். ஆனால் அந்தச் செலவைக் காட்டி நாற்பது வருட இருக்கைக்காரரை நகர்த்தும்போது ஒரு அச்சடித்த கடிதம் மட்டும் அனுப்பினால், ஆன் ஆர்பரில் நடந்தது மறுபடி நடக்கும். விலை ஏறுவதற்கு ஒரு வருடம் முன்பே காரணத்தைச் சொல்லி, நீண்டகாலச் சீட்டுக்காரர்களுக்கு முதல் தேர்வு கொடுத்தால் பாதிக் கோபம் அடங்கும்.

என் அணியிலும் இதேதான் நடக்கிறது. நான் என்ன செய்வது?

இயக்குநருக்கு எழுதுங்கள், சுருக்கமாகவும் மரியாதையாகவும். எத்தனை வருடமாக வருகிறீர்கள், எந்தப் பகுதியில் உட்காருகிறீர்கள், எந்த முடிவு உங்களைப் பாதித்தது என்று குறிப்பாக எழுதுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் வழி இன்னும் உண்டு. மிச்சிகனில் ரீஜென்ட் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள், ரீஜென்ட்களுக்கு நீங்களே வாக்களிக்கிறீர்கள். தகவல் அறியும் சட்டப்படி டிக்கெட் விற்பனை எண்ணிக்கையையும் ஒப்பந்தங்களையும் கேட்டு வாங்கலாம். நோட்ரடாம் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இது செல்லாது. அங்கே பழைய மாணவர் சங்கம்தான் கதவு.

மாணவர்களாக இருந்தால் தனித்தனியாகப் புலம்பாமல் மாணவர் பேரவை மூலம் போங்கள். மிச்சிகனில் இருக்கை முறையை மாற்ற வைத்தது அந்தப் பேரவைதான். டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விடுவதென்றால் சும்மா விட்டுவிடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு விடுங்கள். காரணம் தெரியாத காலி இருக்கைக்கு அவர்கள் வானிலையைக் காரணம் சொல்லிக்கொள்வார்கள்.